சவப்பெட்டியிலிருந்து வாக்குப்பெட்டி வரை: ஸ்க்ரீமிங் லார்ட் சட்ச்

கேள்வி இது: "மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து பாடிய ஒரு பிரிட்டிஷ் ராக் பாடகர், நாற்பது தேர்தல்களில் நின்று நாற்பதிலும் தோற்றாராமே? அவர் பாடகரா, அரசியல்வாதியா, இல்லை எல்லாமே விளம்பரமா?"

ஸ்க்ரீமிங் லார்ட் சட்ச் பாடிய பழைய பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டிருக்கிறேன். அவர் நின்ற இடைத்தேர்தல்களின் முடிவு அறிவிப்புக் காட்சிகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அவருக்கு இருந்தது ஒரே தொழில்தான். பேர் தெரியாத ஒருவன் எப்படி ஒரு மேடையைப் பிடிப்பது, பிடித்த மேடையில் எல்லோர் கண்ணையும் தன் பக்கம் எப்படித் திருப்புவது என்பதுதான் அந்தத் தொழில். முதலில் நடன அரங்குகளில் செய்தார், அப்புறம் வாக்கு எண்ணும் மண்டபங்களில் செய்தார். விளம்பர ஆசை இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த விளம்பரத்தை வைத்து அவர் கேட்டவற்றில் சில, பின்னால் சட்டமாகவே வந்தன. அதனால்தான் அவரைக் கோமாளி என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இயற்பெயர் டேவிட் சட்ச். 1940 நவம்பர் 10 அன்று லண்டன் ஹாம்ஸ்டெட்டில் பிறந்தவர். போர்க்காலம். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். தாய் ஆனி தனியாளாக வளர்த்தார். "லார்ட்" என்பது பிறப்பால் வந்த பட்டமல்ல, தானே சூட்டிக்கொண்டது. ஹாரோவின் மூன்றாம் ஏர்ல் என்றும் தன்னைச் சொல்லிக்கொள்வார். பிரபு வம்சமும் பரம்பரைப் பட்டமும் இன்னும் கனமாக இருந்த நாட்டில், அப்பா இல்லாத ஒரு ஏழைப் பையன் தன்னைத்தானே பிரபு ஆக்கிக்கொண்டான் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் வாழ்க்கை முழுக்கச் செய்ததும் இதையேதான்.

"ஸ்க்ரீமிங்" என்ற முன்னொட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஸ்க்ரீமிங் ஜே ஹாக்கின்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் 1956இல் ஒரு பாட்டில் அலறி, உறுமி, அழுது பெரும் புகழ் பெற்றார். மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வரலாமே என்று அவருக்கு யோசனை சொன்னவர் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட். ஹாக்கின்ஸ் முதலில் தயங்கினார், பிறகு அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது. பின்னாளில் அதிர்ச்சி ராக் என்று பெயர் பெற்ற பாணிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. சட்ச் அந்த வேரை லண்டனுக்குக் கொண்டுவந்து நட்டார்.

1960 வாக்கில் டிரம்மர் கார்லோ லிட்டிலுடன் சேர்ந்து சாவேஜஸ் என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். பையன்கள் எல்லாம் பின்னங்கழுத்தை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர் தோளுக்குக் கீழே முடி வளர்த்தார். பீட்டில்ஸின் முடியைப் பார்த்து பெற்றோர்கள் பதறியது இதற்கு மூன்று வருடம் கழித்துத்தான். விளக்கு அணையும். இருட்டில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைப்பார்கள். மூடி மெல்லத் திறக்கும். வெள்ளை பூசிய முகம் எழும், அலறல் கேட்கும், முன்வரிசைப் பெண்கள் கத்திக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். சில நாள் எருமைக் கொம்பு வைத்த தலைக்கவசம், சில நாள் மண்டை ஓடு, சில நாள் நெருப்பு. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பார்வையாளர்களின் மூச்சு திரும்பக் கூடாது என்பது அவருடைய கணக்கு.

குரல் எப்படி என்று கேட்டால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவருக்குப் பாட்டு வராது. சுதி நிற்காது, குரலில் அகலம் கிடையாது. பிரிட்டன் ஹிட் பட்டியலில் அவருடைய ஒரு பாட்டுகூட ஏறவில்லை. ஆனால் ஜோ மீக் என்ற தயாரிப்பாளர் அந்தக் குறையையே சரக்காக்கினார். ஹாலோவே சாலையில் தோல் பொருள் கடை ஒன்றின் மேல்மாடியில் மீக்கின் ஸ்டுடியோ இருந்தது. ஸ்டுடியோ என்றால் வாடகை வீடுதான். படிக்கட்டு, குளியலறை எல்லாம் ஒலிப்பதிவு அறைகள். 1961இல் சட்ச் அங்கே பதிவுசெய்த முதல் ரெக்கார்டைக் கேளுங்கள். கதவு கிறீச்சிடுகிறது, காற்று ஊளையிடுகிறது, பெண் அலறுகிறாள், அதற்கப்புறம்தான் பாட்டு. முதலில் அதற்கு வைத்திருந்த பெயரில் சவப்பெட்டி இருந்தது. வெளியிடும்போது "அடுத்த இரவு வரை" என்ற பொருள் தரும் பெயராக மாற்றினார்கள். பாட்டைவிடப் பாட்டுக்கு முன்னால் வரும் அந்தச் சில விநாடிகள்தான் எனக்குப் பிடித்தவை. காதால் கேட்கும் ஒரு பேய் நாடகம் அது.

1963இல் வந்தது "ஜாக் த ரிப்பர்". கடைசிவரை பிடிபடாத ஒரு லண்டன் தொடர்கொலைகாரனின் பெயர் அது. இதை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. மேடையில் இந்தப் பாட்டு வரும்போது குழுவில் ஒருவரே பெண் வேடம் போட்டு நிற்பார், சட்ச் கத்தியோடு துரத்துவார். இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 1888இல் வைட்சாப்பலில் கொலையுண்டவர்கள் உண்மையான ஏழைப் பெண்கள். அந்தச் சாவுகளை வேடிக்கையாக்கியதை இன்று அவ்வளவு எளிதாகக் கடந்து போக முடியவில்லை. அன்று அது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. உறுத்தியதெல்லாம் அவருடைய முடி.

சாவேஜஸ் குழுவைப் பற்றி இன்னொன்று. அது ஒரு பயிற்சிப் பட்டறை போலவே இயங்கியது. பின்னாளில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரிச்சி பிளாக்மோர் 1962இல் இந்தக் குழுவில் சேர்ந்தபோது வயது 17. ரோலிங் ஸ்டோன்ஸ் பதிவுகளில் பியானோ வாசித்துப் புகழ்பெற்ற நிக்கி ஹாப்கின்ஸ் இங்கே வாசித்தார். கார்லோ லிட்டில் தொடக்ககால ரோலிங் ஸ்டோன்ஸுடன் சில நிகழ்ச்சிகளில் டிரம்ஸ் வாசித்தவர், த ஹூ குழுவின் டிரம்மர் கீத் மூனுக்குக் கற்றுக்கொடுத்தவர். தனக்குப் பாட்டு வராது என்பது தெரிந்த ஒரு மனிதர், வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துத் தன் பின்னால் நிறுத்தினார். கூச்ச சுபாவம் உள்ள பையன்களை மேடையில் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, நிகழ்ச்சி என்றால் என்ன என்று காட்டினார்.

இப்போது அரசியல். 1963 ஜூனில் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ, ஒரு பெண்ணுடனான தொடர்பு குறித்து நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அவருடைய தொகுதி ஸ்ட்ராட்ஃபோர்ட். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர். ஆகஸ்டில் இடைத்தேர்தல். நாட்டுப் பத்திரிகைகள் மொத்தமும் அங்கே முகாம். 22 வயது சட்ச், தேசிய பதின்பருவக் கட்சி என்ற பெயரில் மனுப்போட்டார். அப்போது வாக்குரிமை வயது 21. அதை 18 ஆக்கு என்பது அவருடைய முக்கியக் கோரிக்கை. கிடைத்த வாக்கு 209.

இந்த 209ஐச் சும்மா கடந்துபோய்விடக் கூடாது. அவருடைய ரசிகர்கள் பெரும்பாலும் 15 முதல் 20 வயதுக்காரர்கள். வேலைக்குப் போனார்கள், வரி கட்டினார்கள், கல்யாணம்கூடச் செய்துகொண்டார்கள், ஆனால் ஓட்டு கிடையாது. அதாவது, தனக்கு ஓட்டுப்போட முடியாதவர்களுக்காகவே அவர் தேர்தலில் நின்றார். ஆறு வருடம் கழித்து, 1969இல், பிரிட்டன் வாக்குரிமை வயதை 18 ஆகக் குறைத்தது. அதற்கு சட்ச்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. சட்டப்படி ஒருவர் வயதுவந்தவர் ஆவது எப்போது என்று ஒரு அரசுக் குழு ஆராய்ந்தது, பெரிய கட்சிகள் விவாதித்தன, காலமும் கனிந்திருந்தது. ஆனால் 1963இலேயே அந்தக் கோரிக்கையைக் கட்சிப் பெயரிலேயே எழுதி, பணம் கட்டி, வாக்குச்சீட்டில் ஏற்றியவர் அவர்.

அடுத்த வருடமே இன்னொரு வேலை செய்தார். பிரிட்டனில் அப்போது வானொலி என்றால் பிபிசி மட்டும். பாப் பாட்டு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நாட்டு எல்லைக்கு வெளியே கப்பலில் நிலையம் வைத்து ஒலிபரப்பும் பைரேட் ரேடியோக்கள் 1964இல் கிளம்பின. சட்சும் தன் மேலாளர் ரெக் கால்வர்ட்டும் சேர்ந்து "ரேடியோ சட்ச்" தொடங்கினார்கள். தேம்ஸ் முகத்துவாரத்தில் ஷிவரிங் சாண்ட்ஸ் என்ற இடத்தில், போரின்போது விமானங்களைச் சுடக் கட்டிய கோபுரங்கள் கடலுக்குள் இரும்புக் காலூன்றி நின்றிருந்தன. ராணுவம் கைவிட்டுப் போன அந்தத் துருப்பிடித்த கோபுரங்களில் ஏறி உட்கார்ந்து ஒலிபரப்பினார்கள். சில மாதங்களில் சட்ச் விலகிக்கொள்ள, கால்வர்ட் அதை ரேடியோ சிட்டி என்று பெயர் மாற்றி நடத்தினார். அதன் முடிவு துயரமானது. 1966இல் நிலையத்தின் மீதான தகராறில், போட்டி வானொலியைச் சேர்ந்த ஆலிவர் ஸ்மெட்லியின் வீட்டில் கால்வர்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். தற்காப்புக்காகச் சுட்டதாக ஏற்று நீதிமன்றம் ஸ்மெட்லியை விடுவித்தது. அடுத்த ஆண்டு பைரேட் வானொலிகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. உள்ளூர் வணிக வானொலி முறைப்படி ஒலிக்கத் தொடங்கியது 1973இல். சட்ச் கேட்டுக்கொண்டிருந்தவற்றில் அதுவும் ஒன்று.

1966 பொதுத்தேர்தலில் அவர் நின்றது ஹைட்டன் தொகுதியில், பிரதமர் ஹரால்ட் வில்சனுக்கு எதிராக. 585 வாக்கு. இங்கேதான் அவர் பிரிட்டன் தேர்தல் முறையின் ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். அங்கே வாக்கு எண்ணி முடிந்ததும் தொகுதி வேட்பாளர்கள் எல்லோரையும் ஒரே மேடையில் வரிசையாக நிற்க வைப்பார்கள். தேர்தல் அதிகாரி ஒவ்வொரு பெயரையும் வாக்கு எண்ணிக்கையையும் உரக்கப் படிப்பார். பிரதமராக இருந்தாலும் அங்கே வந்து நிற்பதுதான் வழக்கம். நூறு வாக்கு வாங்கியவருக்கும் அதே பலகை, அதே விளக்கு, அதே கேமரா. அந்த மேடைக்கு நுழைவுச் சீட்டு, வேட்புமனுவும் 150 பவுண்ட் டெபாசிட்டும் மட்டுமே. எந்த நடன அரங்கும் தராத பார்வையாளர் கூட்டம் அந்த விலைக்குக் கிடைத்தது.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கா போனார். பிரிட்டன் கொடியை வரைந்த ரோல்ஸ்ராய்ஸ் காரோடு சுற்றினார். 1970இல் வெளிவந்த அவருடைய ஆல்பத்தில் ஜிம்மி பேஜ், ஜான் பானம், ஜெஃப் பெக், நோயல் ரெடிங், நிக்கி ஹாப்கின்ஸ் என்று வாசித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். அத்தனை பேர் இருந்தும் ஆல்பம் எடுபடவில்லை. 1998இல் பிபிசி நடத்திய கருத்துக்கணிப்பில் எல்லாக் காலத்துக்கும் மிக மோசமான ஆல்பம் என்ற இடம் அதற்குக் கிடைத்தது. அந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்பில்லை. கிதாரும் டிரம்ஸும் பல இடங்களில் பிரமாதமாக இருக்கின்றன. குரல்தான் அவர்களோடு ஓட முடியாமல் மூச்சு வாங்குகிறது. அதே 1970 தேர்தலில் லண்டன் மாநகர், வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் நின்று 142 வாக்கு வாங்கினார்.

1972இல் அமெரிக்காவின் ஆலிஸ் கூப்பர் அதிபர் தேர்தல் நேரத்தில் தானே வேட்பாளர் என்று ஒரு பாட்டு வெளியிட்டுப் பெரிய ஹிட் ஆக்கினார். இன்றைக்கும் அதிர்ச்சி ராக் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான், கில்லட்டின், ரத்தம், மலைப்பாம்பு எல்லாவற்றோடும். ஆனால் கூப்பருக்குத் தேர்தல் ஒரு பாட்டின் கரு, நிஜ அரசியலை ராக் பாடகர்கள் தள்ளி வைக்க வேண்டும் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். சட்ச் நிஜமாகவே மனுப்போட்டார், நிஜமாகவே டெபாசிட் இழந்தார், மழையில் வீதி வீதியாக மெகாபோனோடு நடந்தார். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

கடைசிக் கட்சி, மிகப் பிரபலமான கட்சி, 1983இல் பிறந்தது: அஃபிஷியல் மான்ஸ்டர் ரேவிங் லூனி கட்சி. "ரேவிங் லூனி" என்றால் முற்றிய பைத்தியம். "பைத்தியத்துக்கு ஓட்டுப் போடுங்கள், அதுதான் புத்திசாலித்தனம்" என்ற பொருளில் கோஷம். பிப்ரவரியில் பெர்மண்ட்சி இடைத்தேர்தல், 97 வாக்கு. அதே வருடம் பொதுத்தேர்தலில் ஃபின்ச்லியில் மார்கரெட் தாட்சருக்கு எதிராக, 235 வாக்கு. இரும்புப் பெண்மணி என்று உலகம் அழைத்தவர் போட்டியிட்ட அதே வாக்குச்சீட்டில், வேட்பாளர் பட்டியலில் இவர் பெயரும். தங்க நிறக் கோட்டு, சிறுத்தைத் தோல் டிசைன் துணி, பேட்ஜும் ரிப்பன் பூவும் குத்திய உயரத் தொப்பி. தோற்றம் பழைய மேடையிலிருந்து அப்படியே வந்தது, சவப்பெட்டி மட்டும் இல்லை.

தேர்தல் அறிக்கையில் என்ன இருந்தது? குளிர்காலத்தைச் சுருக்க ஜனவரியையும் பிப்ரவரியையும் ரத்து செய்வது. ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) விவசாயிகளுக்கு மானியம் கொடுத்து வாங்கிக் குவித்து வைத்திருந்த வெண்ணெய் மலையில் பனிச்சறுக்கு விளையாட விடுவது. காலையில் ஓடுகிறவர்களை எல்லாம் சக்கரத்தில் ஓடவிட்டு மின்சாரம் எடுப்பது. சிரித்து முடித்ததும் ஒரு உண்மை தொண்டையில் சிக்கும். வெண்ணெய் மலை நிஜம். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய உணவு கிடங்கில் கிடந்தது நிஜம். இந்த வகைக் கோரிக்கைகளுக்கு நடுவே சாதாரணமானவையும் இருந்தன: மதுக்கூடங்கள் நாள் முழுக்கத் திறந்திருக்கலாம் என்பது ஒன்று, வீட்டு விலங்குகளுக்கு பாஸ்போர்ட் கொடுத்துத் தனிமைப்படுத்தலைத் தவிர்க்கலாம் என்பது இன்னொன்று. முதலாவது 1988இல் சட்டமானது. இரண்டாவது 2000இல் நடைமுறைக்கு வந்தது, அவர் இறந்த மறுவருடம்.

1985இல் அரசு டெபாசிட்டை 150லிருந்து 500 பவுண்டாக உயர்த்தியது. விளையாட்டு வேட்பாளர்களைத் தடுப்பது நோக்கம். கூடவே, பணம் திரும்பக் கிடைக்கத் தேவையான வாக்கு எட்டில் ஒரு பங்கிலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டெபாசிட் என்ற சொல்லை நமக்கு விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட முறைதான், இந்தியாவில் அது ஆறில் ஒரு பங்கு. சட்ச் ஒருபோதும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மிக நெருங்கியது 1994இல் ராதரம் இடைத்தேர்தலில்: 1,114 வாக்கு, 4.2 சதவீதம். ஒவ்வொரு தோல்விக்கும் 500 பவுண்ட் போய்க்கொண்டே இருந்தது. அவர் பணக்காரர் அல்ல. ஊர் ஊராகப் போய்ப் பாடித்தான் சம்பாதித்தார். இரவு பாடுவது, பகலில் ஓட்டுக் கேட்பது. வெறும் விளம்பரம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

அவருடைய வாழ்க்கையில் பெரிய அரசியல் சம்பவம் என்றால் 1990 மே மாதம், பூட்டில் இடைத்தேர்தல். இதற்கு ஒரு பின்கதை வேண்டும். 1981இல் லேபர் கட்சியிலிருந்து பிரிந்த நான்கு தலைவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். லிபரல்களோடு கூட்டணி வைத்து 1983இல் நாட்டின் வாக்கில் கால் பங்கை அள்ளினார்கள். 1988இல் பெரும்பாலோர் லிபரல்களோடு இணைந்துவிட, நால்வரில் ஒருவரான முன்னாள் வெளியுறவு அமைச்சர் டேவிட் ஓவன் இணைய மறுத்து, மிச்சத்தை வைத்துக் கட்சியை நடத்திக்கொண்டிருந்தார். பூட்டில் முடிவு வந்தது. சட்சுக்கு 418 வாக்கு. ஓவன் கட்சி வேட்பாளருக்கு 155. முற்றிய பைத்தியக் கட்சிக்குப் பின்னால் போய்விட்ட ஒரு கட்சியை அதற்கப்புறம் யாரும் பொருட்படுத்தவில்லை. அடுத்த சில நாட்களில் ஓவன் கட்சியைக் கலைத்தார். ஏற்கெனவே சாகக் கிடந்த கட்சிதான். ஆனாலும் நாடித்துடிப்பைப் பார்த்துச் சொன்னவர் சட்ச்.

அவருடைய கட்சிக்கு வெற்றியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆல்டர்ஷாட்டில் கெரி ராப்பிட் என்ற பெயரில் ராக் அண்ட் ரோல் பாடிய பழைய நண்பர் ஆலன் ஹோப், 1987இல் டெவன் பகுதியில் ஆஷ்பர்ட்டன் ஊராட்சி மன்றத்துக்குப் போட்டியின்றித் தேர்வானார். பின்னாளில் அந்த ஊரின் மேயராகவும் ஆனார்.

இவ்வளவு சிரிக்கவைத்த மனிதருக்கு உள்ளே மன அழுத்தம் நீண்ட காலமாக இருந்தது. தாய்தான் அவருக்கு எல்லாம். தாய் இறந்தபின் அவர் தேறவே இல்லை என்று நெருங்கியவர்கள் சொன்னார்கள். 1999 ஜூன் 16 அன்று சவுத் ஹாரோவில் தாயின் வீட்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 58. முடிவு அறிவிப்புக் காட்சிகளை இது தெரிந்தபின் மறுபடி பார்த்தேன். தேர்தல் அதிகாரி எண்ணைப் படிக்கும் நேரத்தில் சட்ச் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார், கை சும்மா இருக்காது, யாருக்காவது அசைத்துக்கொண்டே இருக்கும். கூட்டம் திரும்பக் கையசைத்ததும் முகம் மலரும். அந்த மலர்ச்சியைப் பார்க்க இப்போது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவருக்குப் பின் கட்சித் தலைமைக்கு நடந்த வாக்கெடுப்பு சமநிலையில் முடிந்தது. ஆலன் ஹோப்பும் அவருடைய பூனை கேட்மாண்டுவும் கூட்டுத் தலைவர்கள் ஆனார்கள். பூனை 2002இல் சாலையில் வாகனத்தில் அடிபட்டு இறந்தது. கட்சி தொடர்கிறது. பிரிட்டனில் முக்கியமான இடைத்தேர்தல் எது வந்தாலும், மேடையில் பெரிய தொப்பி வைத்த ஒருவர் நிற்கிறாரா என்று பாருங்கள்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் 1970 ஆல்பத்தில் தொடங்க வேண்டாம், அது தப்பான வாசல். 1961 ரெக்கார்டை இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனில் கேளுங்கள். அதற்கப்புறம், லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 1972 ஆகஸ்டில் நடந்த ராக் அண்ட் ரோல் நிகழ்ச்சியின் படப்பதிவைத் தேடுங்கள். சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், ஜெரி லீ லூயிஸ், பில் ஹேலி எல்லோரும் பாடிய மேடை அது. அவர்களுக்கு நடுவே, பட்டப்பகலில், ஒரு ஹிட் பாட்டுகூட இல்லாத சட்ச் சவப்பெட்டியோடு ஏறி வருகிறார்.